மறுமொழி: ‘திட்டமிட்ட காலாவதி’ – இதைவிட நல்ல சொல் உண்டா?

அன்பர்களுக்கு வணக்கம். நம் கையேட்டுக்காக planned obsolescence என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்: மறுபடி வாங்க வைப்பதற்காகப் பொருள் சீக்கிரம் பழுதாகும்படியோ பழசாகும்படியோ தயாரிப்பவரே செய்வது. குழுவில் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘திட்டமிட்ட காலாவதி’ பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் காலாவதி என்றதும் மாத்திரை அட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அதில் நாள் அச்சிட்டிருக்கும், பார்த்துத்தான் வாங்குகிறோம். நாம் பெயர் தேடுவதோ யாரும் அச்சிடாத நாளுக்கு.

பழைய உதாரணம் ஒன்று. 1924 கடைசியில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலான பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தன. 1,500, 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த பல்பை 1,000 மணிக்கு இறக்குவதென்று முடிவு. மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்; நிர்ணயித்ததைத் தாண்டி எரிந்தாலும் அபராதம்! இதற்குத் தொழில்நுட்ப நியாயமும் ஒன்று உண்டு. நீண்ட நாள் உழைக்கும் இழை அதே மின்சாரத்துக்குக் குறைந்த வெளிச்சமே தரும். 1951இல் பிரிட்டனின் ஏகபோக ஆணையமே அந்த வாதத்தை ஏற்றது. இருந்தாலும் எவ்வளவு நாள் எரிய வேண்டும் என்பதைப் போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டதை வாங்குபவரிடம் யார் சொன்னார்கள்?

ஒரு வேடிக்கை. ஆங்கிலச் சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரான பெர்னார்ட் லண்டன் 1932இல் எழுதிய சிறு வெளியீட்டில் கேட்டது நேர்மாறானது. பொருளாதார மந்தம் தீர, ஒவ்வொரு பொருளுக்கும் அரசே ஆயுளை வெளிப்படையாக நிர்ணயிக்க வேண்டும். அதற்குமேல் வைத்திருப்பவர் வரி கட்ட வேண்டும். அவர் சொன்ன அர்த்தத்துக்குக் காலாவதி கச்சிதமாகப் பொருந்தும். இன்றைய அர்த்தத்துக்குப் பொருந்தாது.

> ‘வழக்கொழிப்பு’ எப்படி?

ஃபியூஸ் போன பல்பு வழக்கொழிந்ததா? அடுத்த கடையில் அதே பல்பைத்தானே வாங்குகிறோம்? தந்தி வழக்கொழிந்தது என்றால் சரி.

என் பரிந்துரை ஆயுட்குறைப்பு.

‘திட்டமிட்ட’ என்ற அடைமொழியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். குறைவு தானாக வருவது, குறைப்புக்கு ஓர் ஆள் வேண்டும். ஆட்குறைப்பு என்கிறோம்; ‘திட்டமிட்ட ஆட்குறைப்பு’ என்று யாரும் சொல்வதில்லை, அது திட்டமிட்டதுதான் என்று வேலை போனவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு சொல் போட்டுச் சொல்வதைத் தமிழில் ஒரு வல்லின ஒற்றே சொல்லிவிடுகிறது. பிரான்சு 2015இல் இதைக் குற்றமாக்கியபோது சட்டத்தில் எழுதிய வரையறையும் ஏறத்தாழ இதுதான்: அடிக்கடி மாற்றி வாங்க வைப்பதற்காகப் பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது.

> ஆயுள் வடசொல். ‘வாணாட்குறைப்பு’ ஆகாதா?

ஆகும், செய்யுளுக்கு. ‘பேட்டரி ஆயுள் எவ்வளவு?’ என்று கேட்கிற கடைக்காரரிடம் வாணாளைக் கொண்டுபோனால் அவர் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். ‘புகைபிடித்தல் ஆயுளைக் குறைக்கும்’ என்பதோடு குழம்பும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பொருளுக்கும் மனிதருக்கும் இடம் பார்த்தால் புரியாதா? அந்தப் பயத்துக்கு நான் சொல்லை மாற்ற மாட்டேன்.

ஆனால் இந்தச் சொல் எல்லாவற்றையும் மூடிவிடாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1920களில் ஆண்டுக்கொரு புது மாடல் இறக்கத் தொடங்கியபோது பழைய காரின் எஞ்சின் ஆயுள் குறையவில்லை. தெருவில் அது பழசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். 1950களில் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பெருமையோடு பேசியதும் இந்த வகையைத்தான். இதற்குப் ‘பழசாக்கல்’ போதும். கொச்சை என்பவர்கள் ‘பழமையாக்கல்’ என்று திருத்த வேண்டாம். பழமைக்கு நம்மிடம் மதிப்பு அதிகம்.

எனக்குத் தீராதது மென்பொருள். பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் மட்டுப்படுத்தியதை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. நலிந்த பேட்டரியால் போன் திடீரென அணையாமல் இருக்கவே செய்தோம் என்றது. 2020இல் பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதம். அதுவும் ஆயுளைக் குறைத்ததற்காக அல்ல, வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விட்டதற்காக. சரி, சொல்லிவிட்டால்? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவது, 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பல ஆண்டுகள் முன்பே அறிவித்த நாள் அது. மென்பொருளைப் பொறுத்தவரை நேர்மையான காலாவதி. ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய புராசசரும் இல்லாத கணினிகள் அன்றைக்கும் நன்றாகத்தான் ஓடின. ஒன்றின் காலாவதி இன்னொன்றின் ஆயுளை முடிக்கிறது. விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்பது நம் குழுவுக்குச் சரி, பஞ்சாயத்து அலுவலகத்துக்கு?

இதை ஆயுட்குறைப்பில் சேர்ப்பதா, ‘ஆதரவு நிறுத்தம்’ என்று தனியாக வைப்பதா? நிறுத்தம் என்றால் பேருந்துதான் வந்து நிற்கிறது. ‘கைவிடல்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கையேட்டில் போட்டால் குற்றச்சாட்டு போல ஒலிக்குமோ என்று தயக்கம். கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்