சாலையில் ஓடும் ஸ்டாண்டர்டு கேஸல் எத்தனை? எதைக் கணக்கில் சேர்ப்பது?

பழைய பானெட்:
ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கங்கே கண்ணில் படுகிறது. அதன் தம்பி கேஸல்? சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1972 முதல் 1977 வரை கொஞ்சமாகத்தான் செய்தது. நான் நேரில் பார்த்து, ஓடுகிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. விற்பனைப் படங்களையெல்லாம் சேர்த்து நூறு, இருநூறு என்று சொல்லாதீர்கள்.

வண்டலூர்க்காரன்:
மூன்றுதானா அண்ணே? எங்கள் சித்தப்பா வீட்டுக் கேஸல் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, கேட் வரை முன்னும் பின்னும் எடுப்பார். ஆர்.சி. காலாவதியாகிவிட்டது, உண்மைதான். அதற்காக அது செத்த வண்டியா? இணையத்தில் ஆர்.சி. எண்ணைப் போட்டு 'பதிவு இல்லை' என்று வந்தால் வண்டியே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. பழைய புத்தக ஆர்.சி. எத்தனையோ இன்னும் கணினியில் ஏறவில்லை.

பழைய பானெட்:
தம்பி, ஆர்.சி. அப்புறம். அது கேஸல்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டிலும் அதே 948 சிசி இன்ஜின். ஹெரால்டின் பாடி சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கிய துண்டுகள். அதனால் வெளித்தோற்றத்தை மட்டும் நம்ப முடியாது. நம்பகமான அடையாளம் அடியில்தான் இருக்கிறது. ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். மேலே குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் கேஸலுக்கு இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்ஸில் போட்டார்கள். போன வருடம் கேஸல் என்று சொல்லி ஒரு வண்டியைக் காட்டினார்கள். சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என்று படுத்துப் பார்த்தேன்: குறுக்கு ஸ்பிரிங்! நாலு கதவு ஹெரால்டு. அன்று வீடு திரும்பும்வரை மனசே சரியில்லை.

ஸ்பேனர் செட்:
பட்டறை வைத்திருப்பவன் சொல்கிறேன். சிலவற்றில் டீசல் இன்ஜின் ஏற்றியிருக்கிறார்கள். என் கணக்கில் அவையும் உண்டு. அப்படி மாற்றியதால்தானே காயலான் கடைக்குப் போகாமல் தப்பின?

பழைய பானெட்:
சேர்க்க மாட்டேன் சார். 2021 விதியைப் பாருங்கள்: 50 வயது தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு.

வண்டலூர்க்காரன்:
அதே விதிதான் உங்கள் கணக்கையும் அடிக்கிறது அண்ணே. விண்டேஜ் பதிவுக்கான 'விஏ' நம்பர் வாங்கினால் கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும்தான் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. 1972 வண்டிக்கு 50 ஆகிவிட்டது, கடைசி 1977 வண்டிக்கும் 2027இல் ஆகிவிடும். எல்லாரும் விஏ வாங்கிவிட்டால் 'சாலையில் ஓடுவது பூஜ்யம்' என்று எழுதுவீர்களா?

ஸ்பேனர் செட்:
நல்ல கேள்வி.

பழைய பானெட்:
சரி, இது நியாயம். விஏ நம்பரோடு சொந்தச் சக்கரத்தில் ராலிக்கு வருவது ஓடும் வண்டிதான். தார்ப்பாய்க்குள் இருப்பது வேறு. அதை 'உயிரோடு' என்று தனி வரிசையில் எழுதுகிறேன். சித்தப்பா சம்மதித்தால் ஞாயிறு காலை வருகிறேன். பானெட்டைத் தூக்கி சேஸிஸ் நம்பர் தகட்டைப் பார்க்க வேண்டும், பின் ஆக்ஸிலையும்.

வண்டலூர்க்காரன்:
சம்மதித்துவிட்டார். பாய் எடுத்து வையுங்கள், தரை ஈரம். பிரேக் சிலிண்டர் பிரித்துக் கிடக்கிறது. அது முடிந்து தகுதிச் சான்று (எஃப்.சி.) எடுத்ததும் நாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறோம். அன்று வரிசையை மாற்றி எழுதுங்கள்.