சுனிதா குடித்தது தண்ணீரா, சிறுநீரா?

குழாய்க்காரன்: "சுனிதா வில்லியம்ஸ் ஒன்பது மாதம் சிறுநீர் குடித்தே உயிர் பிழைத்தார்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுத, ஆளாளுக்குக் கைகூப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் குடிப்பது தண்ணீர். சிறுநீரைக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்து, வடிகட்டி, அயோடின் சேர்த்த பிறகுதான் குடிக்கக் கொடுக்கிறார்கள். மூச்சிலும் வியர்வையிலும் போகிற ஈரத்தையும் பிடித்து அதோடு சேர்க்கிறார்கள்.

தென்னவன்77: எழுதியது நான்தான். எதிலிருந்து வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சிறுநீர். நன்றி.

குழாய்க்காரன்: இட்லிகூட அரிசியிலிருந்துதான் வருகிறது. உங்கள் வீட்டில் காலையில் அரிசியா தின்கிறீர்கள்?

தென்னவன்77: இட்லியில் உளுந்தும் இருக்கிறது.

மலர்விழி: முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் இத்தனை மெஷின் இல்லாமலே தன் சிறுநீரைக் குடித்தாரே! சும்மா சொன்னேன், சண்டை தொடரட்டும்.

குழாய்க்காரன்: 11 வருடமாக ஆர்.ஓ. சர்வீஸ் செய்கிறேன். வடிகட்டுகிற மெம்பிரேனை மாற்றிவிட்டு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைத் தம்ளருக்குள் விட்டுக் காட்டுவேன். 900 காட்டிய போர் தண்ணி 60-க்கு இறங்கியிருக்கும். வீட்டுக்கார அம்மா அங்கேயே மடக்கென்று குடித்துவிட்டு, "இப்பதான்பா தண்ணி மாதிரி இருக்கு" என்பார். இன்னும் போர் தண்ணிதான் என்று ஒருவரும் சொன்னதில்லை. மேலே வேலை இதைவிடச் சிரமம். எடையில்லாத இடத்தில் ஆவியும் நீரும் தானாகப் பிரியாது, டிரம்மையே சுழற்றித்தான் பிரிக்கிறார்கள். அந்தச் சாதனம் 2008 நவம்பரில் எண்டெவர் விண்கலத்தில் போனது. வடித்தபின் தங்கும் கரைசலில் உள்ள ஈரத்தையும் எடுக்க ஆரம்பித்து, 2023-ல் நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது.

பூமிநாதன்: "எடையில்லாத இடம்" என்று இப்போது அழகாக எழுதுகிறீர்கள். போன மாதம் 400 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் உண்டு, நிலையம் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, "ஈர்ப்பே கிடையாது" என்று குதித்தது யார்?

குழாய்க்காரன்: அந்தப் பஞ்சாயத்து வேறு. இங்கே இழுக்காதீர்கள்.

பூமிநாதன்: தோற்ற பஞ்சாயத்து எப்போதுமே வேறுதான்.

தென்னவன்77: 98 சதவீதம் மீட்பு என்றால் பாக்கி 2 சதவீதம் சிறுநீர். அதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்காரன்: ஐயா! அந்த 2 சதவீதம் திரும்பக் கிடைக்காமல் போவது. தம்ளரில் இருப்பது அல்ல!

மலர்விழி: ஒரு தகவல். 2024 ஜூனில் சுனிதாவும் சக வீரர் புட்ச் வில்மோரும் கிளம்பும்போது அவர்களுடைய பெட்டிகளை இறக்கிவிட்டு, நிலையத்தில் பழுதான சிறுநீர் பம்புக்கு மாற்றாகச் சுமார் 70 கிலோ பம்பு ஒன்றை அவர்கள் போன ஸ்டார்லைனர் விண்கலத்தில் ஏற்றினார்கள். ஏதோ ஒரு வாரப் பயணம்தானே என்று துணியை விட்டுப் போனவர்கள், 286 நாள் கழித்துத்தான் இறங்கினார்கள்.

தென்னவன்77: "சிறுநீர் பம்பு." இது நான் வைத்த பெயர் இல்லை.

குழாய்க்காரன்: பம்புக்குள் போவது சிறுநீர், குடிக்க வருவது தண்ணீர். இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்? தமிழில்தானே எழுதுகிறேன்?

பூமிநாதன்: தமிழில்தான். ஈர்ப்பு பற்றியும் தமிழில்தான் எழுதினீர்கள்.

தென்னவன்77: உளுந்துக்கு இன்னும் பதில் வரவில்லை.