பருத்திப்பால் வண்டி, முள்ளுமுருங்கைப் பூரி, இரவு இட்லிக் கடை: மதுரைக்காரர்களின் அனுபவப் பகிர்வு

தெற்கு மாசி வீதிக்காரர்

கடந்த மார்கழியில் நான் சொன்ன ஒரு சொல் இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். ஊறவைத்த பருத்திவிதையை அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பாலை மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளக்குத்தூண் பக்கம் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து நிற்கும் வண்டி ஒன்றில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குடித்து வந்தேன். கரியடுப்பின் மேல் பித்தளை அண்டா, பக்கத்தில் சிவப்புக் கட்டம் போட்ட ஈரத்துணியால் மூடிய தேங்காய்ப்பூ, கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்கள், அவ்வளவுதான் அந்தக் கடை.

நல்ல பருத்திப்பாலுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு என்பது என் கருத்து. டம்ளரைச் சாய்த்தால் பால் சட்டென்று ஓடிவிடாமல் கண்ணாடியில் மெல்லிய படலம் ஒன்றை விட்டபடி இறங்க வேண்டும். குடித்து முடித்த பிறகு சுக்கின் காரம் தொண்டையில் சிறிது நேரம் தங்க வேண்டும். அரிசிமாவைக் கூட்டினால் முதல் அடையாளத்தைப் பொய்யாகக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் அப்போது பால் நாக்கில் கூழாக ஒட்டும். அந்த வண்டிக்காரர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. கருப்பட்டிப் பாகையும் வடிகட்டாமல் ஊற்றமாட்டார். கடைசி டம்ளரில்கூட மண் நெருடியதாக எனக்கு நினைவில்லை.

அன்று முதல் வாயிலேயே தண்ணீர்ப்பதம் தெரிந்தது. எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "என்னண்ணே, பருத்தியக் காட்டிட்டு எடுத்துட்டீங்களா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். அதுவரை இடது கையால்தான் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். வலது கையின் கட்டைவிரலடியிலிருந்து மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தது. "கை பிழிய வரலண்ணே. நாலு மாசமா மிக்சிலதான் அடிக்கிறேன். பால் முழுசா இறங்க மாட்டேங்குது" என்றார். வரிசையில் நின்றவர்களில் இருவர் அதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் நீட்டிய பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அந்த வண்டி வரவில்லை. பக்கத்தில் பூக்கட்டும் அம்மாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாகக் குடித்தவனுக்கு அந்தக் கை முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும், பால் அல்ல.

கீழவாசல் பேத்தி

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் என் நெஞ்சில் கிடந்த ஒன்று மேலே வந்துவிட்டது. முள்ளுமுருங்கைப் பூரியைப் பற்றியது அது. சௌராஷ்டிரர் தெருக்களில் மாலையில் வீட்டுத் திண்ணையிலேயே அடுப்பை வைத்துச் சுடுவார்களே, அந்தப் பச்சை நிறப் பூரிதான். இலையையும் ஊறவைத்த பச்சரிசியையும் சேர்த்து அரைத்து, கையால் தட்டி, எண்ணெயில் போட்டெடுத்து, மேலே பருப்புப்பொடி தூவித் தருவார்கள். சளி பிடித்தால் என் பாட்டி மருந்துக் கடைக்கு அனுப்பமாட்டார். அந்தத் திண்ணைக்குத்தான் அனுப்புவார்.

கல்லூரி முடித்து, வேலை கிடைத்து, பல ஆண்டுகள் கழித்து ஊருக்கு வந்தபோது அதே திண்ணைக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். என்னை அடையாளம் தெரியாவிட்டாலும் "வா பாப்பா" என்றுதான் கூப்பிட்டார். அன்றைக்கு மொத்தம் பதினைந்து பூரிக்குத்தான் மாவு இருந்தது. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். தட்டிக்கொண்டிருந்த மாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "இலைக்கு எங்க போறது பாப்பா? முன்னாடி வீட்டுக்கு வீடு வேலியில நிக்கும். இப்ப ரெண்டு பஸ் மாறிப் போயி ஒடிச்சிட்டு வர்றேன். உங்க வீட்டுல மரம் இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நான்தான் அப்பாவிடம் சொல்லி, அதற்கு முந்தைய ஆண்டு வெட்டச் செய்திருந்தேன். "இல்லைம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் பூரியை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டியபோது உள்ளங்கை முழுவதும் முள் கீறிய கோடுகளைப் பார்த்தேன். சில பழையவை, சில அன்றைக்குக் கீறியவை. இரண்டு பூரிக்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

செல்லூர் வாசகர்

தெற்கு மாசி வீதிக்காரர் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் மிக்சியில் அடிப்பதால்தான் பால் இறங்கவில்லை என்பதை நான் ஏற்கவில்லை. என் அத்தை இதே தொழிலைச் செய்தவர். ஒருநாள் அவர் காய்ச்சிய அண்டாவை அவசரத்தில் நான் கவிழ்த்துவிட்டேன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் மறுநாளைக்கான விதையை எடுத்து ஊறப்போட்டார். எனக்கு நினைவில் நிற்பது அந்த மௌனம்தான். மற்றபடி என் கதை அவ்வளவே.

இப்போது பாலுக்கு வருகிறேன். விதை குறைந்தது ஓர் இரவு முழுவதும் ஊற வேண்டும். ஊறாத விதையை எதில் அரைத்தாலும், ஆட்டுக்கல்லிலேயே அரைத்தாலும், பருப்பு தோலோடு ஒட்டிக்கொண்டு பால் தராது. ஊறிய விதையைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்து முதல் பால் எடுக்க வேண்டும். சக்கையை மறுபடியும் அரைத்து இரண்டாம் பால் எடுக்கலாம். மூன்றாம் பாலில் நிறம் இருக்குமே தவிரச் சத்து இருக்காது. மூன்றையும் ஒன்றாகக் கலப்பவர்களின் பால்தான் தண்ணீராகத் தெரியும். துணியில் வடிகட்டியபின் மிதமான தீயில் வைத்துக் கை விடாமல் கிண்ட வேண்டும். ஒரு நிமிடம் திரும்பினாலும் அடிப்பிடித்துவிடும், அடிப்பிடித்த வாடையை எந்த ஏலக்காயும் மறைக்காது. பச்சை வாடை போய்ப் பால் நன்றாகக் கொதித்த பிறகே ஊறவைத்து அரைத்த பச்சரிசியைச் சிறிதளவு கரைத்து ஊற்ற வேண்டும். கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ எல்லாம் இறக்கும் நேரத்தில் சேர்ப்பவை.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடமுடியாது. முதலாவது, விதைப்பதற்கென்று விற்கும் பருத்திவிதையை ஒருபோதும் வாங்காதீர்கள். அதில் பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ பூசியிருப்பார்கள். நம்பிக்கையான நாட்டுமருந்துக் கடையில், சமையலுக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, பருத்திவிதையில் காசிப்பால் (gossypol) என்னும் நச்சுத்தன்மையுள்ள பொருள் இயற்கையாகவே இருக்கிறது. நன்கு கொதிக்கும்போது அதன் வீரியம் குறைகிறது. உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் பச்சைப் பாலைக் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது தவறு. பழைய வண்டிக்காரர்கள் மணிக்கணக்காக அண்டாவின் முன் நின்றதற்குச் சுவை மட்டும் காரணம் அல்ல.

இப்போது கோவையில்

செல்லூர் நண்பரே, ஐயா கேட்டது செய்முறை அல்ல என்று நினைக்கிறேன். கைவலியோடு நின்ற ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். நீங்கள் மூன்றாம் பாலைப் பற்றி எழுதுகிறீர்கள்.

என் அனுபவம் 2004-ஐச் சேர்ந்தது. அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எட்டாம் நாள் இரவு, அதுவரை எதையும் கேட்காதவர், "தண்ணிச் சட்னியோட ஒரு இட்லி" என்று கேட்டார். காரம் கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரவு பதினொரு மணி இருக்கும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் இருந்த இட்லிக் கடைக்கு ஓடினேன். மதுரையில் இரவு இட்லிக் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெஞ்சு நிறைய ஆட்டோ ஓட்டுநர்கள், சுமைதூக்குபவர்கள், என்னைப்போல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள். கடைக்காரர் கொப்பரையிலிருந்து தட்டை எடுத்துக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீரைத் தெளித்து உரித்துக்கொண்டிருந்தார். துணி விலகும்போது ஒவ்வோர் இட்லியின் மேலும் நெசவின் தடம் பதிந்திருந்ததை இன்றும் பார்க்க முடிகிறது.

"காரம் இல்லாம சட்னி கிடைக்குமாண்ணே? அப்பாவுக்கு" என்றேன். இருக்கும் சட்னி எல்லாம் பச்சைமிளகாய் போட்டது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்தவர்களிடம், "கொஞ்சம் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு மூடித் தேங்காயைத் துருவி, உள்ளே அம்மியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பொட்டுக்கடலையும் உப்பும் மட்டும் வைத்து அரைத்தார். அத்தனை பேர் தட்டோடு காத்திருந்தார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அரைத்ததை வழித்து, வெந்நீர் ஊற்றிக் கரைத்து, வாளியில் ஊற்றித் தந்தார். என் சட்டைப்பையில் நோட்டுதான் இருந்தது, அவரிடம் சில்லறை இல்லை. "காலைல குடு தம்பி" என்றார்.

அப்பா அரை இட்லி சாப்பிட்டார். விடிவதற்குள் போய்விட்டார். அதன் பிறகு நடந்தவற்றில் அந்தக் கடன் என் நினைவிலேயே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நினைவு வந்து போனேன், கடை அடைத்திருந்தது. வேலைக்காகக் கோவைக்கு வந்துவிட்டேன். பிறகு தேடிப்போனபோது அந்த இடத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை இருந்தது. இரவுக் கடைகளை எல்லாம் பதினொரு மணிக்கே அடைக்கச் சொல்லி ஒழித்துவிட்டார்கள் என்று அங்கிருந்தவர் சொன்னார். அப்படிப்பட்ட ஒரு கடை இல்லாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் இரவில் யார் யாரைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சிம்மக்கல் மாமா

கோவைத் தம்பி, அப்பாவைப் பற்றிப் படித்து மனம் கனத்துவிட்டது. இரவுக் கடையைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கடைகளை 24 மணி நேரமும் திறந்துவைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-இல் ஆணை பிறப்பித்தது உண்மைதான். ஆனால் அந்த ஆணை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கானது. கணவனும் மனைவியும் ஒரு பையனுமாக நடத்தும் இட்லிக் கடைக்கு அதனால் என்ன பயன்? அல்லங்காடி என்று இரவுச் சந்தைக்குத் தனிப்பெயர் வைத்து மதுரைக்காஞ்சி பாடிய ஊர் இது. இங்கே விளக்கோடு நிற்கவேண்டியவை அந்தச் சின்னக் கடைகள்தான்.

நான் எழுத வந்தது ஜிகர்தண்டாவைப் பற்றி. ஏழு வயது மகளுக்கு முதல்முறையாக வாங்கிக் கொடுத்தேன். பாதாம் பிசின் வாயில் வழுக்கியதும் பயந்துபோய்க் கடை வாசலிலேயே துப்பிவிட்டாள். நான் அதட்ட வாயெடுப்பதற்குள் கடைப் பெரியவர் இறங்கி வந்தார். டப்பாவிலிருந்து சுண்டைக்காய் அளவில் ஒரு காய்ந்த பிசின் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "ராத்திரி ஒரு சொம்புத் தண்ணியில போட்டு வையி தாயி, காலைல எந்திரிச்சுப் பாரு" என்றார். காலையில் அந்தச் சொம்பில் கண்ணாடித் துண்டங்களைப்போல் பிசின் உப்பி நின்றது. அவள் விரலை விட்டு விட்டு எடுத்து ஒரு மணி நேரம் விளையாடினாள். அன்று மாலை அவளே கேட்டு வாங்கிக் குடித்தாள். பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால் எல்லாம் எங்கும் கிடைக்கும். அந்தத் துண்டைக் கையில் வைத்துக் கொடுக்க ஒரு மனிதர் வேண்டும். மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. அந்தப் பெரியவரிடம் மறுநாள் நடந்ததை நான் போய்ச் சொல்லவே இல்லை.

செல்லூர் நண்பருக்கு ஒரு சொல்: விதைப்புக்கான விதையை வாங்கக்கூடாது என்று நீங்கள் சொன்னது மிக நல்ல எச்சரிக்கை. அதை நான் என் தங்கைக்கும் அனுப்பியிருக்கிறேன்.

கீழவாசல் பேத்தி

தெற்கு மாசி வீதி ஐயாவுக்கு. போன வெள்ளிக்கிழமை மாலை தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில் ஒரு பருத்திப்பால் வண்டியைப் பார்த்தேன். ஊற்றிக்கொண்டிருந்தவர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். பின்னால் ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கையை நான் கவனிக்கவில்லை, மன்னியுங்கள். பால் கெட்டியாக இருந்தது. சுக்கு தொண்டையில் நின்றது.

தெற்கு மாசி வீதிக்காரர்

அம்மா, மிக்க நன்றி. தெப்பக்குளத்தைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிகள் நிற்பதுண்டு. அதனால் அவராகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட எனக்குத் துணிவு வரவில்லை. சனிக்கிழமை மாலை போகிறேன். அவராக இருந்தால் முதலில் என்ன சொல்வது என்று நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தேங்காய்ப்பூவை மூடியிருந்த துணி வெள்ளையா, சிவப்புக் கட்டம் போட்டதா என்று மட்டும் நினைவிருந்தால் சொல்லுங்கள்.