மறு: ‘காமன்வெல்த் ரெல்ம்’ – பொதுவேந்தர் நாடு எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். காமன்வெல்த் (பொதுநலவாயம்) அமைப்பில் பிரிட்டனின் அரசரையே தம் அரசராகக் கொண்ட நாட்டைக் குறிக்கும் ‘காமன்வெல்த் ரெல்ம்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘பொதுநலவாய இராச்சியம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம்தான் ஐயா, ஆனால் டோங்கா குறுக்கே வருகிறது. அது பசிபிக் தீவு நாடு, காமன்வெல்த் உறுப்பினர், இராச்சியமும்கூட. ஆனால் அதற்குச் சொந்த அரசர் இருக்கிறார். நாம் பெயர் தேடுவதோ, பிரிட்டனின் அரசரையே தம் அரசராகவும் கொண்ட நாடுகளுக்கு; பிரிட்டனையும் சேர்த்து 15. ஜமைக்கா, பஹாமாஸ், கிரெனடா, செயின்ட் லூசியா, துவாலு, சாலமன் தீவுகள் என்று அவற்றில் பெரும்பாலானவை தீவுகள். ‘பொதுநலவாய இராச்சியம்’ என்று படிப்பவர் டோங்காவையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

> அப்படியானால் ‘பொதுமுடி நாடு’? சுருக்கமாக இருக்கிறது.

அழகான சொல் அம்மா. ஆனால் சட்டப்படி முடி பொதுவானது இல்லை. ஜமைக்காவின் முடி வேறு, பிரிட்டனின் முடி வேறு. சூடுகிறவர்தான் ஒருவர்.

இது வெறும் ஏட்டு வேறுபாடு இல்லை என்பதற்குக் கிரெனடாவே சாட்சி. 1979-இல் புரட்சி செய்த மாரிஸ் பிஷப் அரசியலமைப்பையே நிறுத்திவைத்தார். ஆனால் எலிசபெத் அரசியையும் அவருடைய பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் பால் ஸ்கூனையும் நீக்கவில்லை. இடதுசாரிப் புரட்சி அரசு, அதற்கு மேலே ஓர் அரசி! 1983 அக்டோபரில் பிஷப் கொல்லப்பட்டார், சில நாட்களில் அமெரிக்கப் படை இறங்கியது. வெளியிலிருந்து உதவி வரவேண்டும் என்று கேட்டவர் ஸ்கூன். அந்தப் படையெடுப்பை எதிர்த்தவர் பிரிட்டன் பிரதமர் தாட்சர். கிரெனடா அரசியின் பிரதிநிதி ஒரு பக்கம், பிரிட்டன் அரசியின் பிரதமர் மறுபக்கம். இரண்டு அரசியும் ஒரே எலிசபெத். ‘பொதுமுடி’ என்றால் இந்த நிகழ்ச்சியை விளக்கவே முடியாது.

அதனால்தான் ‘பொதுவேந்தர் நாடு’ என்கிறேன். பொதுவாக இருப்பது ஆள் என்பதை அது சரியாகச் சொல்கிறது. ‘பொதுவரசர்’ என்றால் எலிசபெத்தின் 70 ஆண்டு ஆட்சி வெளியே நின்றுவிடும். ‘வேந்தர்’ நம் பல்கலைக்கழகங்களில் ஆண், பெண் இருவருக்கும் வழங்கிவருகிறது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘பொதுவேந்தர் நாடாக இருந்த பார்படோஸ் 2021 நவம்பர் 30 அன்று குடியரசானது.’ உறுத்தவில்லை.

லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போவதையும் இந்தச் சொல்லின் விளக்கத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தீர்கள். வேண்டாம். டிரினிடாட் டொபாகோ 1976-இலும் மொரீஷியஸ் 1992-இலும் குடியரசாகிவிட்டன, இன்றும் அவற்றுக்கு இறுதி நீதிமன்றம் அதுதான். ஆகவே அது பொதுவேந்தர் நாட்டுக்கு அடையாளம் ஆகாது.

அப்புறம், கவர்னர் ஜெனரலுக்குத் ‘தலைமை ஆளுநர்’ என்று நாமாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை. 1948 முதல் 1972 வரை இலங்கையே பொதுவேந்தர் நாடுதான். அங்கே தமிழில் ‘மகாதேசாதிபதி’ என்று எழுதினார்கள். தமிழர் வாழ்ந்த நாட்டில், அதே பதவிக்கு வழங்கிய சொல் அது. வடமொழிச் சொல் என்பதற்காக அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. ஜமைக்கா குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பைத் ‘தி கிரவுன்’ என்கிறார்கள். இலங்கையில் அரசு நிலத்துக்கு ‘முடிக்குரிய காணி’ என்ற வழக்கு இருப்பதால், அதே தடத்தில் ‘முடித்தரப்பு’ எனலாமா? சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.