மறு: பாராஃபைலெட்டிக் – தமிழில் என்ன வைக்கலாம்?

> மோனோஃபைலெட்டிக் – ஒருமூதாதைத் தொகுதி. பாலிஃபைலெட்டிக் – பன்மூதாதைத் தொகுதி. பாராஃபைலெட்டிக்குக்குத்தான் ஒன்றும் சிக்கவில்லை.

வணக்கம் ஐயா,

உயிரினங்களை மூதாதை வழியில் தொகுக்கும் இந்த மூன்று சொற்களில் ஒன்றுக்குச் சொல் சிக்காததற்குக் காரணம், முதலில் வைத்த ‘ஒருமூதாதைத் தொகுதி’தான். பாராஃபைலெட்டிக் தொகுதிக்கும் மூதாதை ஒன்றே. அந்த மூதாதையின் வழிவந்த எல்லாவற்றையும் சேர்த்தோமா (மோனோஃபைலெட்டிக்), சிலவற்றை வெளியே விட்டோமா (பாராஃபைலெட்டிக்) என்பதில்தான் வேறுபாடு. சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும்.

நன்னீர் நத்தைகளையே எடுத்துக்கொள்வோம். பிளானார்பிடே குடும்பத்தில் பெரும்பாலானவற்றின் ஓடு தட்டையாகச் சுருண்டிருக்கும். ஆன்சைலஸ் பேரினத்துக்கோ சுருளே தெரியாது. கவிழ்த்த தொப்பி மாதிரி கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டைப் பார்த்தே வகைப்படுத்திய காலத்தில் அதற்கு ஆன்சைலிடே என்று தனிக்குடும்பம் கொடுத்துவிட்டார்கள். டிஎன்ஏ ஒப்பீடு வந்தபின், அது பிளானார்பிடேவுக்குள்ளிருந்தே கிளைத்தது என்று தெரிந்தது. சரி, இப்போதும் ஆன்சைலஸைத் தனியே நிறுத்திவிட்டு மிச்சத்தை மட்டும் பிளானார்பிடே என்றால்? அதுதான் பாராஃபைலெட்டிக்.

அக்ரோலாக்ஸஸ் என்ற இன்னொரு நன்னீர் நத்தைப் பேரினத்துக்கும் இதே தொப்பி ஓடுதான். ஆனால் அது வேறு குடும்பம். அந்த வடிவம் அங்கே தனியாகத் தோன்றியது. ஓடு ஒன்றுபோல இருக்கிறதென்று இரண்டையும் ஒரு தொகுதியாகக் கட்டினால் பாலிஃபைலெட்டிக். ‘நன்னீர் நத்தை’ என்று நாம் சொல்வதே அந்த ரகம்தான். ஆப்பிள் நத்தையும், லிம்னியா என்ற நுரையீரல் நத்தையும் வெவ்வேறு வழியில் நன்னீருக்கு வந்தவை.

ஆகவே என் முன்மொழிவு:

மோனோஃபைலெட்டிக் – முழுக்கிளை
பாராஃபைலெட்டிக் – குறைக்கிளை
பாலிஃபைலெட்டிக் – கலவைத் தொகுதி

மூன்றாவதில் வேண்டுமென்றேதான் ‘கிளை’ போடவில்லை. பல இடத்திலிருந்து ஒடித்துக் கட்டியதைக் கிளை என்பானேன்? ‘பல்கிளை’ என்றாலும், நிறையக் கிளை விட்டது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

‘குறை’ என்றால் குற்றம் என்ற பொருளும் வருமே என்று சென்ற மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். வரட்டும். இன்றைய வகைப்பாட்டியலில் அப்படிப்பட்ட தொகுதியைப் பலரும் குற்றமாகத்தான் பார்க்கிறார்கள்! 1848இல் விலங்கியலாளர் மில்ன்-எட்வர்ட்ஸ் வைத்த புரோசோபிராங்கியா, அதாவது முன்செவுளிகள் என்ற நத்தைப் பிரிவு, வழக்கொழிந்தது அதனால்தான். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “நுரையீரல் நத்தைகளின் மூதாதையும் முன்செவுளிகளுக்குள்ளிருந்தே வந்தது, எனவே முன்செவுளிகள் ஒரு குறைக்கிளை.” எனக்கு இடறவில்லை.

‘மரபு’ சேர்த்து ஒருமரபு, பன்மரபு என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. மரபணு, மரபியல், மரபுவழி என்று அந்தச் சொல் ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கிறது.

அப்புறம், கிளேடுக்குத் தனிச்சொல் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை என்றே நினைக்கிறேன். மோனோஃபைலெட்டிக் தொகுதியைத்தான் கிளேடு என்கிறோம். அங்கேயும் முழுக்கிளை என்றே எழுதிவிடலாம். பெயரடையாக வரும் இடத்தில் மட்டும் ‘முழுக்கிளைத் தொகுதி’ என்று நீட்டிக்கொள்வோம்.