பிளஸ் டூ முடித்த குறைபார்வை மகளைக் கோவைக் கல்லூரிக்கு அனுப்புவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பாரியூர் வாசகி:

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் இந்த ஆண்டு அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அவளுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரைக் குறைபாடு உள்ளது. பகலில் நேரெதிரே இருப்பதை ஓரளவு பார்ப்பாள். பக்கவாட்டில் வருவது தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டை வாங்கிவிட்டோம். பொதுத்தேர்வை, சொல்வதை எழுதுபவரின் உதவியோடும் கூடுதல் ஒரு மணி நேரத்தோடும் எழுதினாள்.

பள்ளியில் இருந்தவரை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியை வந்து பார்த்துப் போவார். சலுகைக்கான படிவங்களைத் தலைமையாசிரியரே நிரப்பி அனுப்பிவிடுவார். இப்போது கோவையில் ஆங்கிலவழியில் பி.ஏ. பொருளாதாரம் படிக்க வேண்டும் என்கிறாள். கோபியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய்த் திரும்பினால் மாலை இருட்டிவிடும் என்பதால் விடுதிதான் வழி. என் மாமியாரோ, "நீயும் கூடப் போய் அங்கேயே ஒரு வீடு பிடித்து இருந்துவிடு" என்கிறார். கல்லூரி திறப்பதற்கு முன் நாங்கள் செய்ய வேண்டியவை எவை, விடுதியில் விடலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நாயக்கன்பாளையம் சிறப்பாசிரியர்:

அம்மா, தங்கள் மகளுக்கு வாழ்த்துகள். தலைமையாசிரியரே படிவங்களை அனுப்பிவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் மாறப்போவது அதுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் பிளஸ் டூவோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வுத்துறை அளித்த சலுகை ஆணையும் அந்தப் பொதுத்தேர்வோடு முடிந்துவிட்டது. கல்லூரியில் கேட்டவருக்கே கிடைக்கும், அதுவும் எழுத்தில் கேட்டவருக்கே. முதல் பருவத்தில் தடுமாறிய மாற்றுத்திறனாளி மாணவர்களில் நான் அறிந்த பெரும்பாலோர் படிப்பில் சோடை போனவர்கள் அல்லர். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமலேயே தொடக்க மாதங்களை இழந்தவர்கள்.

முதலில் சேர்க்கை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசின் உதவி பெறும் நிறுவனங்களிலும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். அந்த நாளைத் தவறவிட்டுவிட்டுப் பின்னர் அலைபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சுயநிதிக் கல்லூரிகளை இந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது என்றாலும், அரசின் அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் கட்டடமும் வளாகமும் அணுகத்தக்கவையாக இருக்கவும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற ஏற்பாடுகள் கிடைக்கவும் அரசு முயல வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஆகவே "எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம்.

இடம் உறுதியானதும் முதல்வருக்கு ஒரு பக்க அளவில் கடிதம் கொடுங்கள். துறைத்தலைவருக்கும், சம வாய்ப்பு மையம் இருந்தால் அதன் பொறுப்பாளருக்கும் நகல் போகட்டும். அதில் நோயின் பெயரை விளக்குவதைவிட, வகுப்பில் எந்த இடத்தில் அமர வேண்டும், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பாடக்குறிப்புகளை முன்கூட்டியே கோப்பாகத் தர வேண்டும், மாலை வகுப்புகளும் ஆய்வுக்கூட வேலைகளும் எந்நேரத்துக்குள் முடிந்தால் நல்லது என்பவற்றை எழுதுவதே பயன் தரும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் அக்கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளரே அனுமதி தருவார்; இணைவுபெற்ற கல்லூரி என்றால் கோரிக்கை முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின்படி ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் என்ற கணக்கில் ஈட்டு நேரம், அதாவது கூடுதல் நேரம் உண்டு; மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பருவத்தேர்வுக்கு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் கல்லூரிகள்கூட உள்மதிப்பீட்டுத் தேர்வுகளை மறந்துவிடுகின்றன. வகுப்பிலேயே திடீரென்று நடத்தப்படும் அந்தத் தேர்வுகளின் மதிப்பெண்ணும் இறுதி மதிப்பெண்ணோடு சேரும் என்பதால், கடிதத்தில் அவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பள்ளியில் மொழிப்பாட விலக்குப் பெற்றிருந்தால் அதுவும் தானாகத் தொடராது. பகுதி 1 தமிழுக்கும் பகுதி 2 ஆங்கிலத்துக்கும் என்ன விதி என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

உதவித்தொகைகளைப் பற்றி நீட்டி எழுதவில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கல்வி உதவித்தொகை, பாடங்களை வாசித்துக் காட்டுபவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை இரண்டுக்கும் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம்.

திருப்பூர் நாற்காலி:

நான் சக்கர நாற்காலியில் பொறியியல் படித்து முடித்தவன். மேலே ஆசிரியர் எழுதிய எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோவைதான் என்று ஏன் முடிவு செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கோபியிலேயே அரசு உதவி பெறும் கல்லூரி இருக்கிறது. பழகிய ஊர், பழகிய பேருந்து, மாலையில் வீடு. பெரிய ஊர்க் கல்லூரி என்றால் வசதி கூடுதலாக இருக்கும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறோம். நுழைவாயிலில் சாய்தளம் கட்டிப் படமெடுத்து மாட்டிவிட்டு, துறையை இரண்டாம் மாடியில் வைத்திருக்கும் கட்டடங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கல்லூரியானாலும் சேர்வதற்கு முன் ஒரு முறை பகலிலும் ஒரு முறை இருட்டிய பிறகும் மகளோடு போய் நடந்து பாருங்கள். விடுதியிலிருந்து உணவுக்கூடம், கழிப்பறை, நூலகம், வெளிவாயில் ஆகியவற்றுக்குப் போகும் வழியில் விளக்கு எங்கே இருக்கிறது, படிகளின் ஓரத்தில் பட்டைக்கோடு இருக்கிறதா, மூடப்படாத சாக்கடை உண்டா என்று அவளே சொல்லட்டும். வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது செலவில்லாத வேலை; கால அட்டவணை போடுவதற்கு முன் கேட்டால் பெரும்பாலும் நடந்துவிடும், போட்ட பிறகு கேட்டால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

செவிவழி வாசகர்:

நான் பார்வையற்றவன், கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். திருப்பூர் நண்பரின் கருத்திலிருந்து சற்று மாறுபடுகிறேன். அந்தப் பெண் விரும்பிக் கேட்கும் இடத்தை, வீட்டுக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க வேண்டியதில்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நாளடைவில் கூடக்கூடியது; பார்வை ஓரளவேனும் இருக்கும் இந்த வயதில், தனியாக வாழும் பழக்கத்தைக் கற்றுக்கொள்வது பின்னாளில் கற்பதைவிட எளிது. தாயார் உடன் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாய் பக்கத்தில் இருக்கும்வரை விடுதிக் காப்பாளரும் வகுப்புத் தோழிகளும் எதையும் தாயிடமே கேட்பார்கள். அவளிடம் கேட்க மாட்டார்கள்.

கல்லூரி திறக்கும்வரை உள்ள இந்த வாரங்களை மூன்று வேலைகளுக்குச் செலவிடலாம். ஒன்று, வெள்ளைக்கோலோடு நடமாட்டப் பயிற்சி. பகலில் பார்வை இருப்பவர்கள் கோலைக் கையில் எடுக்கக் கூச்சப்படுவார்கள், "நன்றாகத்தானே நடக்கிறாள், நடிக்கிறாளோ" என்னும் பேச்சும் வரும். இரவுக்கு மட்டும் மடக்குக்கோல் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. கோவை அரவிந்த் கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் உருப்பெருக்கிகளைப் பற்றியும் கேட்டு வாருங்கள்.

இரண்டாவது, கணினியில் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். இதில் தமிழ்க் குரலும் உண்டு. ஆனால் தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்க் குரலோடு நின்றுவிட்டால் பி.ஏ. பாடநூல்களின் முன் திகைத்துப்போவார்கள். ஆங்கிலக் குரலை மெதுவான வேகத்தில் வைத்து, நாளும் ஒரு செய்தியாவது கேட்கட்டும். தமிழ்வழி மாணவருக்கு முதல் ஆண்டில் பார்வைக் குறைபாட்டைவிட ஆங்கிலமே பெரிய தடையாக இருக்கிறது என்பது என் கணிப்பு. இன்னொரு தொல்லையும் உண்டு. நம் கல்லூரிகளில் சுற்றிவரும் பழைய தமிழ்ப் பாடக்குறிப்புகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அதைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். யூனிகோடுக்கு மாற்றித்தான் கேட்க முடியும். ஒளிப்பட நகலாக வரும் பிடிஎஃப் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம், பிழைகள் இருந்தாலும் படிக்க உதவும். வாங்கிய நூலை இவ்வாறு மாற்றிப் படிப்பது காப்புரிமை மீறல் ஆகுமோ என்று அஞ்ச வேண்டாம். 2012ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்கு இதை அனுமதிக்கிறது.

மூன்றாவது, வரைபடங்கள். தேவைக்கோடு, அளிப்புக்கோடு, சமநோக்கு வளைகோடு இல்லாமல் பொருளாதாரம் இல்லை. தடித்த கறுப்பு மையால் பெரிய தாளில் வரைந்து பழகினால் இப்போதுள்ள பார்வைக்குப் போதும். தேர்வில் வரைபடத்தைச் சொற்களால் விவரித்து எழுத அனுமதி வேண்டும் என்று துறைத்தலைவரிடம் முதல் மாதத்திலேயே கேட்டு வைக்கட்டும்.

பாரியூர் வாசகி:

மூவருக்கும் நன்றி. கடிதத்தை நானே எழுதி அவளிடம் கையொப்பம் வாங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் தன் குறையை வகுப்பில் யாரும் அறியக்கூடாது என்கிறாள். சொல்வதை எழுதுபவரைக் கல்லூரியே தருமா, நாங்கள் தேட வேண்டுமா என்பதும் விளங்கவில்லை.

செவிவழி வாசகர்:

கடிதத்தை அவளே எழுதட்டும் அம்மா, பிழை இருந்தாலும் இருக்கட்டும். வகுப்பு முழுவதற்கும் அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல்வர், துறைத்தலைவர், தேர்வுப் பிரிவு, விடுதிக் காப்பாளர் ஆகியோர் அறிந்தால் போதும், தோழிகளிடம் எப்போது சொல்வது என்பது அவள் விருப்பம். ஆனால் இருட்டில் உடன் வர ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பேசிப் பாருங்கள்.

எழுதுபவரைக் கல்லூரியும் ஏற்பாடு செய்யலாம், தேர்வரும் அழைத்து வரலாம். தாமே அழைத்து வந்தால், எழுதுபவரின் கல்வித்தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று அந்த 2018 நெறிமுறை சொல்லியிருந்தது; இப்போது நடப்பில் உள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் எல்லா மாணவர்களுக்கும் தேர்வு இருப்பதால் கடைசி வாரத்தில் யாரும் கிடைக்க மாட்டார்கள். பருவம் தொடங்கியதுமே இருவரைப் பேசி வைத்து, பொருளாதாரச் சொற்களை ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொல்லி எழுதவைத்துப் பழக வேண்டும். தேர்வறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஒரு மணி நேர ஈட்டு நேரம் அதற்கே சரியாகப் போய்விடும்.