சுப்பர் விசா காப்புறுதி: அப்பாவின் பிரசர் குளிசையைக் குறைத்துவிட்டார்கள், கம்பனிக்குச் சொல்ல வேண்டுமா?

வல்லைவெளி:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பெற்றோர் கனடாவில் பிள்ளைகளோடு நீண்டகாலம் தங்குவதற்கான சுப்பர் விசா கிடைத்துவிட்டது. டிசம்பர் 6 ரொறன்ரோவுக்கு ரிக்கெற். நீரிழிவும் பிரசரும் கனகாலமாக உண்டு, 2021இல் இதயத்தின் இரத்தக்குழாயை விரித்து வைக்க ஒரு ஸ்ரென்ற் வைத்தவர். காப்புறுதியை ஜூலையிலேயே ஒரு புரோக்கர் மூலம் எடுத்துவிட்டோம். 100,000 டொலர், ஒரு வருடம், ஏற்கெனவே உள்ள வருத்தங்களும் சேர்த்து. அதற்கென்று கூடுதலாகவும் கட்டினோம். பொலிசியில் அந்த வருத்தங்கள் 180 நாள் ஸ்டேபிளாக (மாற்றமில்லாமல்) இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 18 கிளினிக்கில் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் பிரசர் குளிசையான அம்லோடிபினை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார். வீக்கம் வற்றிவிட்டது, பிரசரும் நன்றாக இருக்கிறது. புரோக்கரிடம் சொன்னேன். "குறைத்ததுதானே, கூட்டவில்லையே, யோசிக்காதேங்கோ" என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. கம்பனிக்குச் சொன்னால் பொலிசியை ரத்துச் செய்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மார்க்கம் மூத்தவள்:
புரோக்கர் சொல்வது சரிபோலத்தான் இருக்கிறது. மருந்து குறைந்தால் வருத்தமும் குறைந்தது என்றுதானே அர்த்தம்? எங்கள் மாமி வந்தபோது இப்படி எதுவும் யாரும் கேட்கவில்லை. கடவுளே என்று கிளெய்ம் பண்ண வேண்டிய தேவையும் வரவில்லை.

கோரிக்கை மேசை:
கிளெய்ம் பண்ணாதவரை எல்லாப் பொலிசியும் நல்ல பொலிசிதான் அக்கா.

நான் சில காலம் பயணக் காப்புறுதி கிளெய்ம் பிரிவில் வேலை செய்தவன். ஸ்டேபிள் என்ற சொல்லை டொக்டர் சொல்லும் பொருளில் எடுக்காதேங்கோ. டொக்டருக்கு அப்பா இப்போது முன்பைவிட நல்ல நிலையில் இருக்கிறார். பொலிசிக்கு அப்படியில்லை. அந்தக் காலத்துக்குள் புது அறிகுறி, புது மருந்து, மருந்தை நிறுத்தியது, அளவை மாற்றியது, ஆஸ்பத்திரியில் படுத்தது, முடிவு வராத பரிசோதனை, இதில் எது இருந்தாலும் ஸ்டேபிள் இல்லை. அளவை மாற்றியது என்றால் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான். பல பொலிசிகளில் இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் அளவை வழமைபோலக் கூட்டிக் குறைப்பதற்கும், அதே அளவில் வேறு கம்பனியின் மருந்துக்கு மாறுவதற்கும் விலக்கு இருக்கும். அம்லோடிபின் அந்த விலக்குக்குள் வராது.

இன்னொன்று. 180 நாளைப் பொலிசி வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, காப்புறுதி தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். டிசம்பர் 6இலிருந்து பின்னுக்குப் போனால் ஆகஸ்ட் 18 வெறும் 110 நாள். எனவே இன்றைய நிலையில் பிரசரோடு தொடர்புடைய எந்தக் கிளெய்மும் ஆட்டம்தான். அது இதயத்தையும் இழுக்குமா என்பது பொலிசியில் இதய நோய்க்குக் கொடுத்திருக்கும் வரைவிலக்கணத்தைப் பொறுத்தது. சிலவற்றில் இதய நோய் ஒன்று ஸ்டேபிளாக இல்லையென்றால் எல்லா இதய நோயும் வெளியே. நெஞ்சுவலிக்குப் பாவிக்கும் நைட்ரோகிளிசரினைக் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் பாவித்தாலும் அப்படித்தான்.

குளிர்பெட்டி:
இவ்வளவு குழம்பத் தேவையில்லை. பேசாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ. யாழ்ப்பாணத்துக் கிளினிக் கொப்பியை இங்கே யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

கோரிக்கை மேசை:
புரட்டுவார்கள் தம்பி. கிளெய்ம் படிவத்தில் கையெழுத்து வைக்கும்போதே ஊர் மருத்துவப் பதிவுகளை எடுக்க அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள். தொகை பெரிதென்றால் கட்டாயம் கேட்பார்கள். கொப்பி வேண்டாம் என்றே வையுங்கோ. எமெர்ஜென்சியில் தாதி மருந்து விபரம் கேட்டால் உங்கள் அப்பாவே, "முந்திப் பத்து, இப்ப ஆகஸ்டில இருந்து அஞ்சு" என்று விளக்கமாகச் சொல்லுவார். அது அப்படியே கோப்பில் ஏறும். அந்தக் கோப்புத்தான் கம்பனிக்குப் போகும்.

மருத்துவக் கேள்விக்கொத்து நிரப்பி எடுத்த பொலிசி என்றால் நிலைமை இன்னும் மோசமாகலாம். பதில் பிழை என்று கண்டால் அந்த வருத்தத்துக்கு மட்டுமல்ல, விழுந்து கை முறிந்ததற்கும் பணம் மறுத்து முழுப் பொலிசியையும் செல்லாததாக்கும் விதி பலவற்றில் உண்டு. வல்லைவெளி ஜூலையில் நிரப்பியது அன்றைக்கு உண்மை, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் தொடங்கும் நாளுக்கு முன் உடல்நிலை மாறினால் அறிவிக்க வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கோ.

வல்லைவெளி:
தேடினேன், இருக்கிறது. "மாற்றம் ஏற்பட்டால் எங்களைத் தொடர்புகொள்ளவும்" என்று சின்ன எழுத்தில். புரோக்கர் அதைக் காட்டவே இல்லை.

இப்போது இன்னொரு சிக்கல். அதே ஆகஸ்ட் கிளினிக்கில் எக்கோ (இதய ஸ்கேன்) ஒன்று எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள், திகதி ஜனவரியில்தான். அது வருடாந்தப் பரிசோதனை என்றுதான் அப்பா சொல்கிறார். இதுவும் கணக்கில் வருமா?

நெல்லியடி:
வரும். முடிவு வராத பரிசோதனை என்றால் அதுதான். ஜனவரி வரை காத்திருக்காமல் தனியார் ஆஸ்பத்திரியில் இப்போதே எடுத்து, டொக்டரிடம் காட்டி, "வழமையான பரிசோதனை, சிகிச்சையில் மாற்றம் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கோ. ஊரில் அந்தக் கடிதம் வாங்குவது ஒரு தனிப் பாடு, ஆனால் வாங்கத்தான் வேண்டும்.

பொலிசிக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, 90 நாள் மட்டும் கேட்கும் பொலிசிக்கு மாறுவது. ஆகஸ்ட் 18இலிருந்து 90 நாள் நவம்பர் 16இல் முடிகிறது, எனவே டிசம்பர் 6 தாங்கும். விலை கூடும். 70 வயதுக்கு மேல், ஸ்ரென்ற் வைத்தவர் என்றால் எல்லாக் கம்பனியும் கொடுக்காது. கழிவுத்தொகையைக் கூட்டினால் மாதக் கட்டணம் இறங்கும், ஆனால் அந்த முதல் சில ஆயிரம் டொலர் உங்கள் கையிலிருந்துதான் போகும். மற்ற வழி, இதே பொலிசியை வைத்துக்கொண்டு பயணத்தைப் பின்போடுவது. 180 நாள் பெப்ரவரி 14 ஆகிறது. வருவதற்கு முன்பென்றால் தொடங்கும் திகதியைப் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

மாறுவதென்றால் புதுப் பொலிசி கையில் வந்த பிறகு பழையதை நிறுத்துங்கோ. விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் நுழையும் நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும், குறைந்தது 100,000 டொலர் என்று காட்ட வேண்டும். விலைக் குறிப்பை ஏற்கமாட்டார்கள், காசு கட்டிய பொலிசியாக இருக்க வேண்டும். தவணை முறை என்றால் முதல் தொகை கட்டியிருந்தால் சரி. வந்திறங்கிய பிறகு வாங்கலாம் என்று மட்டும் விடாதேங்கோ, அப்படி எடுத்தால் முதல் சில நாளுக்கு வருத்தங்களுக்குக் காப்பு இல்லாமல் இருக்கும்.

குளிர்பெட்டி:
சரி, அப்படியென்றால் டொக்டரிடம் சொல்லிப் பழையபடி பத்தாக்கினால் என்ன?

கோரிக்கை மேசை:
அது இரண்டாவது மாற்றம். எண்ணிக்கை அன்றைக்குத்தான் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். அதோடு வற்றிய காலைத் திரும்ப வீங்க வைப்பதற்கு எந்த டொக்டர் எழுதிக் கொடுப்பார்? பயணத்துக்கு முன் கிளினிக்குக்குப் போகாமல் விடுவதும் இதே வகைதான், சிலர் அப்படியும் செய்கிறார்கள். பொலிசியை மாற்றுங்கோ, திகதியை மாற்றுங்கோ, மருந்தில் கை வைக்காதேங்கோ.

மார்க்கம் மூத்தவள்:
நான் முதலில் எழுதியதை விட்டுவிடுங்கோ, இது எனக்குத் தெரியாது. ஒன்று கேட்கிறேன், அவருடைய வழமையான குளிசைகள் இங்கே காப்புறுதியில் வருமா?

நெல்லியடி:
வராது அக்கா. இது அவசர சிகிச்சைக்கு மட்டும். வழமையான மருந்து, இரத்தப் பரிசோதனை, செக்கப் எல்லாம் சொந்தச் செலவு, ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்பான ஓஹிப்பும் கிடையாது. 90 நாளுக்கான மருந்தை அதன் பெட்டியோடும் சிட்டையோடும் கொண்டுவரலாம். அதற்குப் பிறகு இங்கே முன்பதிவில்லாமல் பார்க்கும் ஒரு வோக்-இன் டொக்டரிடம் காசு கட்டித்தான் எழுதுவிக்க வேண்டும்.

வல்லைவெளி:
எல்லோருக்கும் நன்றி. கம்பனிக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டேன். அம்லோடிபின், எக்கோ இரண்டையும் எழுதி, டிசம்பர் 6இல் தொடங்கினால் பிரசர், இதயம் இரண்டும் காப்பில் இருக்குமா என்று கேட்டேன். "பிரசர் இராது, இதயம் பற்றிக் கிளெய்ம் நேரத்தில்தான் தீர்மானிப்போம்" என்று பதில் வந்தது. எக்கோவை அடுத்த கிழமை தனியாரில் எடுக்கிறோம். வேறு புரோக்கர் ஒருவரிடம் 90 நாள் பொலிசிக்கு விலை கேட்டிருக்கிறேன். அது கட்டுப்படியாகாவிட்டால் ரிக்கெற்றைப் பெப்ரவரி கடைசிக்குத் தள்ளுவோம். குளிரைப் பற்றி அப்பாவுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

கோரிக்கை மேசை:
புதுப் புரோக்கரிடமும் மின்னஞ்சலிலேயே கேளுங்கோ, தொலைபேசியில் சொல்வதை நம்பிக் காசு கட்டாதேங்கோ. அப்புறம், பஃபலோ பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் அமெரிக்காவில் எத்தனை நாள் செல்லும் என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கோ.